ஐஸ் வாட்டர் வேண்டாம், ஈசிஜி கட்டாயம், சத்து மாத்திரை கேட்டுத்தான்: கீமோ வார்டில் சொல்லும் 3 அறிவுரைகளுக்குப் பின்னால் இருக்கும் 'உப்பு வாசல்' அறிவியல்!

கீமோ சிகிச்சைக்குப் போகும்போது டாக்டரும் நர்ஸும் சொல்லி அனுப்பும் அறிவுரைகள் நோயாளிக்கு நோயாளி மாறும். ஒருவரிடம், "ஊசி போட்ட பிறகு சில நாளைக்கு ஐஸ் வாட்டர் பக்கமே போகாதீங்க" என்பார்கள். இன்னொருவரிடம், "அடுத்த டோஸுக்கு முன்னாடி ஈசிஜி எடுத்தே ஆகணும்" என்பார்கள். பெரும்பாலானவர்களிடம் சொல்வது, "சத்து மாத்திரை எதுவா இருந்தாலும் எங்களைக் கேட்காம போடாதீங்க."

மூன்றுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி தெரிகிறதா? உண்மையில் இந்த மூன்றும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அந்த இடம், நம் செல்களின் மேல் இருக்கும் மிகச் சிறிய வாசல்கள். உப்பு உள்ளே போய், வெளியே வரும் வாசல்கள்.

அந்த வாசல்களை ஆக்ஸிஜன் எப்படிப் பாதிக்கிறது? புற்றுநோய் செல் அதைத் தனக்குச் சாதகமாக எப்படி மாற்றிக்கொள்கிறது? சிகிச்சையில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வதால் என்ன பயன்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உப்பளத்திலிருந்து ஆரம்பிப்போம்

புதுச்சேரியில் உப்பளம் என்றால் எல்லோருக்கும் தெரியும். இந்திரா காந்தி விளையாட்டரங்கம், துறைமுகம், எந்நேரமும் அடிக்கும் கடல் காற்று. பெயரிலேயே உப்பு இருக்கிறது. கடல் நீரைப் பாத்தி கட்டித் தேக்கி, வெயிலில் காயவிட்டு உப்பு எடுக்கும் இடத்துக்குத்தான் உப்பளம் என்று பெயர்.

அந்த உப்பை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் கரைந்து காணாமல் போகிறது இல்லையா? அது எங்கேயும் போய்விடவில்லை. சோடியம் தனியாக, குளோரைடு தனியாகப் பிரிந்து நிற்கிறது. சோடியத்துக்கு பாசிட்டிவ் மின்னூட்டம், குளோரைடுக்கு நெகட்டிவ் மின்னூட்டம். இப்படி மின்னூட்டத்தோடு இருக்கும் துகளுக்குத்தான் அயனி என்று பெயர்.

நம் உடம்புக்குள் ஓடுவதும் ஒரு வகை உப்புத் தண்ணீர்தான். ஆஸ்பத்திரியில் ஏற்றும் நார்மல் சலைன் பாட்டிலில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கும். கடல் நீரில் சுமார் 35 கிராம். கடலில் நான்கில் ஒரு பங்கு உப்பு நமக்குள் எப்போதும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்த உப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. சோடியம் செல்லுக்கு வெளியே சுமார் 10 மடங்கு அதிகம். பொட்டாசியம் நேர்மாறு, உள்ளேதான் சுமார் 30 மடங்கு அதிகம். கால்சியம் நிலவரம் இன்னும் ஆச்சரியம்: வெளியே இருப்பது உள்ளே மிதப்பதைவிட சுமார் 10,000 மடங்கு.

அயன் சேனல் என்றால் என்ன?

செல்லைச் சுற்றி இருப்பது கொழுப்பால் ஆன மெல்லிய சுவர். எண்ணெயில் உப்பு கரையாது என்பது சமையல் செய்யும் எல்லோருக்கும் தெரியும். அதே மாதிரி, அயனிகளால் இந்தக் கொழுப்புச் சுவரைத் தாண்ட முடியாது. தாண்ட வேண்டுமானால் வாசல் வேண்டும். அந்த வாசல்தான் அயன் சேனல். புரதத்தால் ஆனது. பொட்டாசியத்துக்கு ஒரு வாசல், சோடியத்துக்கு ஒரு வாசல், கால்சியத்துக்குத் தனி வாசல் என்று நூற்றுக்கணக்கான வகைகள் இருக்கின்றன.

இதயம் துடிப்பது, நரம்பில் வலி ஓடுவது, தசை அசைவது எல்லாமே இந்த வாசல்கள் திறந்து மூடுவதால்தான் நடக்கிறது. செல் பெருகுவதற்கும், இடம் நகர்வதற்கும், சாவதற்கும்கூட இவை வேண்டும்.

குறிப்பாக கால்சியம். வெளியே 10,000 மடங்கு காத்துக்கொண்டிருப்பதால், வாசல் கொஞ்சம் திறந்தாலே உள்ளே பெரிய தகவல் போன மாதிரி ஆகிவிடும். கொஞ்சமாக வந்தால் 'வளரு', 'தாக்குப்பிடி' என்ற கட்டளை. வெள்ளமாக வந்து நிற்காமல் போனால் அதுவே மரணக் கட்டளை. அளவும் நேரமும்தான் தீர்மானிக்கின்றன.

ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்: செல்லுக்குள் பிடிக்கும் துரு

நாம் மூச்சுவிடும் ஆக்ஸிஜனை வைத்துத்தான் செல் சக்தி தயாரிக்கிறது. அந்த வேலை நடக்கும்போது, ஒரு சிறு பகுதி ஆக்ஸிஜன் வேறு வடிவங்களுக்கு மாறுகிறது. சூப்பராக்ஸைடு, ஹைட்ரஜன் பெராக்ஸைடு போன்றவை. இவை பக்கத்தில் எது கிடைத்தாலும் வினைபுரியக்கூடியவை.

ஹைட்ரஜன் பெராக்ஸைடு உங்களுக்குப் பழக்கமான பொருள்தான். காயத்தைக் கழுவும்போது ஊற்றினால் வெள்ளையாக நுரைக்குமே, அதேதான். அந்த நுரைக்குக் காரணம், நம் ரத்தத்திலும் திசுவிலும் இருக்கும் கேட்டலேஸ் என்ற நொதி. பெராக்ஸைடை உடனே தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் உடைத்துவிடுகிறது. அதாவது, உடம்பிலேயே இதற்குத் தீயணைப்புப் படை இருக்கிறது.

உற்பத்தி அதிகமாகி, அணைக்கும் படையால் சமாளிக்க முடியாமல் போகும் நிலைக்குத்தான் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்று பெயர்.

சிம்பிளா சொல்லணும்னா, கடற்கரைப் பக்கம் இருக்கும் இரும்பு கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உப்புக் காற்றில் கீலில் துரு பிடித்தால் என்ன ஆகும்? சில கேட் திறக்கவே திறக்காது. சில கேட் முழுசாக மூடாது. துரு என்பதும் ஆக்ஸிஜன் செய்யும் வேலைதான்.

செல்லின் வாசல்களிலும் கிட்டத்தட்ட இதே கதை. இந்தப் புரதங்களில் சிஸ்டைன் என்ற பகுதி இருக்கும். அதன் நுனியில் ஒரு கந்தக அணு. ஹைட்ரஜன் பெராக்ஸைடு போன்றவை முதலில் பிடிப்பது இந்தக் கந்தகத்தைத்தான். கந்தகம் மாறியதும் புரதத்தின் வடிவம் கொஞ்சம் வளைகிறது. வாசல் திறந்துகொள்கிறது, அல்லது மாட்டிக்கொள்கிறது. இரும்புத் துருவுக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. இந்த 'துரு' பல நேரம் நிரந்தரம் இல்லை. செல்லால் இதைத் திரும்பச் சரிசெய்ய முடியும். அதனால்தான் செல் இதை ஒரு சுவிட்ச் மாதிரியும் பயன்படுத்துகிறது.

புற்றுநோய் செல்லுக்கு இதில் என்ன பிரச்னை?

புற்றுநோய் செல் ஓயாமல் பெருகும் செல். ஓவர்டைம் ஓடும் ஃபேக்டரி மாதிரி. அதனால் அதற்குள் இந்த ஆக்ஸிஜன் கழிவும் சாதாரண செல்லைவிட அதிகம். கட்டியின் நடுப்பகுதியில் ரத்த ஓட்டம் சரியாக இருக்காது. தாய்க் கட்டியிலிருந்து பிரிந்து ரத்தத்தில் பயணம் செய்யும்போது நெருக்கடி இன்னும் கூடும்.

அதாவது புற்றுநோய் செல் எப்போதும் விளிம்பில் நிற்கிறது. கொஞ்சம் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் இருந்தால் அதற்கு வளர்ச்சி. ரொம்ப அதிகமானால் மரணம்.

சிகிச்சைகளில் பல இந்த விளிம்பைத்தான் குறிவைக்கின்றன. ரேடியேஷன் கொடுக்கும்போது, கதிர்கள் செல்லுக்குள் இருக்கும் தண்ணீரையே உடைத்து, வீரியமான ஆக்ஸிஜன் துகள்களை உண்டாக்குகின்றன. டி.என்.ஏ. சேதத்தில் பெரும்பங்கு அவற்றால்தான். வார்டில் 'சிவப்பு மருந்து' என்று சொல்லப்படும் டாக்ஸோரூபிசினும், கார்போபிளாட்டின் போன்ற பிளாட்டினம் மருந்துகளும் முதன்மையாக டி.என்.ஏ.வைத் தாக்கினாலும், கூடவே ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸையும் ஏற்றுகின்றன.

சரி, அப்படியென்றால் எல்லாப் புற்றுநோய் செல்லும் செத்துப்போக வேண்டியதுதானே? அங்கேதான் வாசல்கள் விளையாடுகின்றன.

கடுகு காட்டிக்கொடுத்த வாசல்

கடுகை அரைத்துப் போட்ட ஆவக்காய் ஊறுகாயை வாயில் வைத்ததும் மூக்கு வரை சுர்ரென்று ஏறுமே, அதற்குக் காரணம் அல்லைல் ஐசோதயோசயனேட் என்ற பொருள். கடுகு நசுங்கி ஈரம் பட்டால்தான் இது உருவாகும். தாளிக்கும் கடுகில் இந்தக் காரம் தெரியாததற்குக் காரணம், எண்ணெய்ச் சூட்டில் அதை உருவாக்கும் நொதி செயலிழந்துவிடுவதுதான்.

இந்தக் காரத்தை உணர்வது நரம்பு நுனியில் இருக்கும் ஒரு கால்சியம் வாசல். பெயர் டிஆர்பிஏ1. (டிஆர்பி என்றதும் டிவி ரேட்டிங் ஞாபகம் வரலாம், இது வேற!) மிளகாயின் காரத்தை உணரும் வாசலைக் கண்டுபிடித்ததற்காக 2021-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடம்தான், கடுகுக் காரம் இந்த டிஆர்பிஏ1 வாசலைத் திறப்பதையும் 2004-இல் விளக்கியது.

கடுகு எப்படித் திறக்கிறது தெரியுமா? வாசலின் சிஸ்டைன் கந்தகத்தைப் பிடித்துத்தான். கண்ணீர்ப் புகை, விறகுப் புகையில் இருக்கும் எரிச்சல் பொருள்கள் எல்லாமே இதே வாசலைத்தான் தட்டுகின்றன. ஹைட்ரஜன் பெராக்ஸைடும் அப்படியே. அதாவது டிஆர்பிஏ1 என்பது உடம்பின் 'ஆபத்து அலாரம்'. புகை வந்தால் கண்ணீர், இருமல், எரிச்சல்.

இந்த அலாரம் நரம்பில் இருப்பது நியாயம். புற்றுநோய்க் கட்டியில் இதற்கு என்ன வேலை?

2018-இல் 'கேன்சர் செல்' இதழில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஜோன் ப்ரூகியின் குழு இதற்குப் பதில் சொன்னது. மார்பகம், நுரையீரல் உள்ளிட்ட சில புற்றுநோய்களில் இந்த வாசல் வழக்கத்தைவிட அதிகமாக இருப்பதை அவர்கள் கவனித்தார்கள். ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் ஏறும்போது டிஆர்பிஏ1 திறக்கிறது. கால்சியம் உள்ளே வருகிறது. அந்த கால்சியம், 'சாகாதே' என்று சொல்லும் பாதுகாப்புப் புரதங்களை முடுக்கிவிடுகிறது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த வாசல் ஆக்ஸிஜன் கழிவைக் குறைப்பதே இல்லை. தீ எரிந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் அந்தத் தீயிலும் நிற்கும் தாக்குப்பிடிப்பை செல்லுக்குக் கொடுக்கிறது. ஆண்டி ஆக்ஸிடன்ட் தயாரிப்பதற்கு உத்தரவு போடும் என்ஆர்எஃப்2 என்ற புரதம்தான் இந்த வாசலை அதிகமாக்கவும் உத்தரவு போடுகிறது என்பதையும் அதே குழு காட்டியது. ஒரு பக்கம் தீயை அணைக்கிறது, இன்னொரு பக்கம் தீயைத் தாங்கும் கவசம் போடுகிறது. ஒரே அதிகாரி, இரண்டு உத்தரவு.

வாசலை அடைத்தால்? ஆய்வுக்கூடத்தில் உருண்டையாக வளர்த்த கட்டிகளில் நடுவில் இருந்த செல்கள் செத்தன. எலிகளில் கட்டி வளரும் வேகம் குறைந்தது. கார்போபிளாட்டின் மருந்தும் கூடுதலாக வேலை செய்தது.

ஒரு நிமிஷம், "அப்போ கடுகு சாப்பிட்டா கேன்சர் வளருமா?" என்று கேட்காதீர்கள். இந்த ஆய்வு வாசலைப் பற்றியது, சமையல் கடுகைப் பற்றியது இல்லை. ரசத்தில் தாளிக்கும் கடுகை நிறுத்தச் சொல்லி இதில் எதுவும் இல்லை. டிஆர்பிஏ1-ஐ அடைக்கும் மருந்து புற்றுநோய் சிகிச்சைக்கு இன்னும் அனுமதி பெறவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

எல்லா வாசலும் ஒரே மாதிரி இல்லை

டிஆர்பிஎம்2: இதுவும் ஹைட்ரஜன் பெராக்ஸைடால் திறக்கும் வாசல். நேரடியாக இல்லை. ஸ்ட்ரெஸ் ஏறும்போது செல்லுக்குள் உருவாகும் ஏடிபி-ரைபோஸ் என்ற துகள் சாவியாக மாறி இதைத் திறக்கிறது. கால்சியம் வெள்ளமாக வந்தால் செல் சாகும். ஆனால் சில புற்றுநோய் செல்களில் இதே வாசல் செல்லைக் காப்பாற்றவும் செய்கிறது.

ஓராய்1, ஓராய்3: கிரேக்கப் புராணத்தில் சொர்க்க வாசலைக் காப்பவர்களின் பெயரை இந்த கால்சியம் வாசல்களுக்கு வைத்திருக்கிறார்கள். ஓராய்1 ஹைட்ரஜன் பெராக்ஸைடு பட்டால் அடைபடும். ஓராய்3 அடைபடாது. காரணம், ஓராய்1-இல் பெராக்ஸைடு பிடிக்கும் அந்த ஒரு சிஸ்டைன் ஓராய்3-இல் இல்லை. துருப்பிடிக்கும் கேட்டைக் கழற்றிவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட் மாட்டுவது மாதிரி. எந்த வாசல் எத்தனை இருக்கிறது என்பதைப் பொறுத்து, செல்லின் தாக்குப்பிடிப்பும் மாறுகிறது.

பொட்டாசியம் வாசல்கள்: செல் சாகத் தொடங்கும்போது முதலில் நடப்பவற்றில் ஒன்று, பொட்டாசியம் வெளியேறி செல் சுருங்குவது. ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் இந்த வாசல்களையும் மாற்றும். திறந்தால் சாவு எளிதாகிறது, அடைத்தால் செல் தப்பிக்கிறது.

ஆக, 'ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் நல்லதா, கெட்டதா?' என்று ஒற்றை வரியில் கேட்டால் பதில் கிடையாது. எந்த செல், எந்த வாசல், எவ்வளவு அளவு என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். இதை மனதில் வைத்துக்கொண்டு, ஆரம்பத்தில் சொன்ன 3 அறிவுரைகளுக்கு வருவோம்.

அறிவுரை 1: "ஐஸ் வாட்டர் தொடாதீங்க"

குடல், மலக்குடல், இரைப்பைப் புற்றுநோய்களுக்குத் தரும் மருந்துகளில் ஒன்று ஆக்ஸாலிபிளாட்டின். இதை ஏற்றிய பிறகு சில நாட்களுக்கு, குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டையில் முள் குத்துவது போல இருக்கும். ஃப்ரிட்ஜ் கதவைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இழுக்கும். தொண்டை அடைத்துக்கொண்ட மாதிரி தோன்றி, சிலர் பயந்தே போய்விடுவார்கள்.

காரணம், நரம்பில் இருக்கும் வாசல்கள். இந்த மருந்து சோடியம் வாசல்களின் வேலையைக் குழப்புகிறது. இன்னொரு பக்கம், நாம் மேலே பார்த்த அதே கடுகு வாசல், டிஆர்பிஏ1. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்கியது. ஆக்ஸாலிபிளாட்டினால் இந்த வாசல் ஆக்ஸிஜன் துகள்களுக்கு அளவுக்கு மீறிக் கூருணர்வு அடைகிறது. குளிர் படும்போது உண்டாகும் கொஞ்சம் ஆக்ஸிஜன் துகளே அதைத் திறக்கப் போதுமானதாகிவிடுகிறது. சாதாரணக் குளிர் வலியாக மாறுவது இப்படித்தான்.

கட்டியில் செல்லைக் காப்பாற்றும் வாசல், நரம்பில் நோயாளியை வாட்டுகிறது. புதுச்சேரி வெயிலில் ஜில்லென்று ஒரு ஜூஸ் குடிக்கத் தோன்றுவது இயல்புதான். ஆனால் இந்த மருந்தில் இருப்பவர்கள், டாக்டர் சொன்ன நாட்கள் முடியும்வரை வெதுவெதுப்பான தண்ணீரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. விரல் மரத்துப்போவது அடுத்த டோஸ் வரை தொடர்ந்தால் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அளவைக் குறைப்பதா, இடைவெளி விடுவதா என்று அவர்கள்தான் முடிவெடுப்பார்கள்.

அறிவுரை 2: "ஈசிஜி எடுத்தே ஆகணும்" - வேலூர் சொல்லும் கதை

ஆர்செனிக். தமிழில் பாஷாணம். கேட்டாலே விஷம் என்று தோன்றும். ஆனால் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு இதுதான் உயிர் மருந்து. அக்யூட் ப்ரோமைலோசைட்டிக் லுக்கீமியா என்ற அந்த நோய், ரத்தப்போக்கை உண்டாக்கி மிக வேகமாக உயிரைப் பறிக்கக்கூடியதாக இருந்தது.

சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள் 1970-களில் ஆர்செனிக்கை இந்த நோய்க்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, 1998 முதல் 2004 வரை புதிதாக நோய் கண்டறியப்பட்ட 72 பேருக்கு ஆர்செனிக் டிரையாக்ஸைடை மட்டும் வைத்து சிகிச்சை அளித்தது. விலை அதிகமான வழக்கமான சிகிச்சையை எல்லோராலும் வாங்க முடியாத சூழல் அதற்கு ஒரு முக்கியக் காரணம். விக்ரம் மேத்யூஸ் தலைமையிலான குழு 2006-இல் 'பிளட்' இதழில் வெளியிட்ட முடிவின்படி, 86 சதவீதம் பேருக்கு நோய் முழுமையாக அடங்கியது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு அது.

ஆர்செனிக் என்ன செய்கிறது? மறுபடியும் கந்தகம்தான். நோயை உண்டாக்கும் கோளாறான புரதத்தின் சிஸ்டைன்களைப் பிடித்து, அந்தப் புரதத்தையே அழிக்க வைக்கிறது. செல்லுக்குள் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸையும் ஏற்றுகிறது.

ஆனால் இதே மருந்து இதயத்தின் ஒரு பொட்டாசியம் வாசலையும் தொடுகிறது. 'ஹெர்க்' என்பது அதன் பெயர். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராக, இந்த வாசல் வழியாகப் பொட்டாசியம் வெளியேற வேண்டும். ஆர்செனிக் இருந்தால், புதிதாகத் தயாராகும் ஹெர்க் புரதம் செல்லின் மேற்பரப்புக்குச் சரியாக வந்து சேருவதில்லை. வாசல்களின் எண்ணிக்கை குறைந்தால் இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராகத் தாமதம் ஆகும். ஈசிஜியில் 'க்யூடி' இடைவெளி நீளும். அது அளவு மீறினால் உயிருக்கே ஆபத்தான துடிப்புக் கோளாறு வரலாம்.

அதனால்தான் இந்த சிகிச்சையில் இருப்பவர்களுக்கு அடிக்கடி ஈசிஜி எடுக்கிறார்கள். ரத்தத்தில் பொட்டாசியமும் மக்னீசியமும் குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் உடனே சொல்லுங்கள் என்பதும் இதனால்தான். அதில் பொட்டாசியம் வெளியேறிவிடும். சில ஆண்டிபயாட்டிக், வாந்தி மாத்திரைகளும் இதே வாசலை அடைக்கும். எனவே பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் நாமே மாத்திரை வாங்கிப் போடுவது இங்கே ரொம்ப ஆபத்து.

முக்கியமான எச்சரிக்கை: இது மருத்துவமனையில் அளந்து, நரம்பு வழியாகக் கொடுத்து, தினமும் கண்காணிக்கும் மருந்து. "பாஷாணம் கேன்சரைக் குணமாக்குமாம்" என்று கேள்விப்பட்டு யாரிடமும் எதையும் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

அறிவுரை 3: "கேட்காம சத்து மாத்திரை போடாதீங்க"

கேன்சர் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் பையோடு வருவார்கள். விட்டமின் சி, விட்டமின் ஈ, ஏதாவது ஒரு பழச்சாறு பாட்டில், ஆண்டி ஆக்ஸிடன்ட் பவுடர். அன்பில் தருவதுதான். "ஆக்ஸிடன்ட் கெட்டது, அப்போ ஆண்டி ஆக்ஸிடன்ட் நல்லதுதானே?" என்ற கணக்கு.

இந்தக் கணக்கைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

• 1994, பின்லாந்து: 29,133 ஆண் புகைபிடிப்பாளர்களை வைத்து நடந்த சோதனை. பீட்டா கரோட்டின் மாத்திரை நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று எதிர்பார்த்தார்கள். மாத்திரை எடுத்தவர்களிடம் அந்த நோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது.

• 2011, அமெரிக்கா: 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த 'செலக்ட்' சோதனை. விட்டமின் ஈ மாத்திரை எடுத்தவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம்.

• 2014, ஸ்வீடன்: நுரையீரல் கட்டி உள்ள எலிகளுக்கு விட்டமின் ஈ, என்-அசிட்டைல்சிஸ்டீன் கொடுத்தபோது கட்டி வேகமாக வளர்ந்தது.

• 2020, அமெரிக்கா: கீமோ எடுத்த 1,134 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் கேட்டுத் தொகுத்த ஆய்வு. கீமோவுக்கு முன்பும் கீமோவின்போதும் ஆண்டி ஆக்ஸிடன்ட் மாத்திரை எடுத்தவர்களிடம் நோய் திரும்பும் அபாயம் 41 சதவீதம் அதிகமாகத் தெரிந்தது. இது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற வாய்ப்பைப் புள்ளிவிவரம் முழுசாக மறுக்கவில்லை. ஆனால் எச்சரிக்கையாக இருக்க இதுவே போதும்.

ஏன் இப்படி? நாம் பார்த்த விளிம்புக் கதைதான். புற்றுநோய் செல் ஏற்கெனவே தீயின் ஓரத்தில் நிற்கிறது. கீமோவும் ரேடியேஷனும் அதை உள்ளே தள்ளப் பார்க்கின்றன. அந்த நேரத்தில் நாம் ஊற்றும் தண்ணீர், நல்ல செல்லுக்கு மட்டும் போய்ச் சேரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஆர்செனிக் விஷயத்திலும் ஆய்வுக்கூடத்தில் என்-அசிட்டைல்சிஸ்டீன் சேர்த்தால், புற்றுநோய் செல்கள் சாவது தடைபடுவதைப் பார்த்திருக்கிறார்கள்.

"அப்போ மும்பை டாடா மருத்துவமனை சொன்ன 100 ரூபாய் மாத்திரை?" என்று சிலர் கேட்கலாம். 2024 பிப்ரவரியில் பரபரப்பான செய்தி அது. அந்த மாத்திரையில் இருப்பவை ரெஸ்வெரட்ரால், தாமிரம். ரெஸ்வெரட்ரால் தனியாக இருந்தால் ஆண்டி ஆக்ஸிடன்ட். கொஞ்சம் தாமிரத்தோடு சேர்ந்தால் நேர்மாறாக ஆக்ஸிஜன் துகள்களை உண்டாக்குகிறது. அந்த ஆய்வின் அடிப்படையே அதுதான். பெயரில் ஆண்டி ஆக்ஸிடன்ட் என்று இருந்தாலும், உடம்புக்குள் அது எப்படி நடந்துகொள்ளும் என்பது வேறு கதை என்பதற்கு இதுவே உதாரணம். இந்தச் செய்தியை வைத்து நாமாக எதையும் வாங்கிப் போடக் கூடாது.

அப்போ பழம், கீரை சாப்பிடக் கூடாதா?

தாராளமாகச் சாப்பிடலாம். மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் மாத்திரை, பவுடர் வடிவில் அதிக அளவில் எடுத்ததைப் பற்றியவை. நெல்லிக்காய், கொய்யா, கீரை, சாம்பாரில் போடும் மஞ்சள்தூள் எல்லாம் வழக்கமான உணவு. கீமோ நேரத்தில் நன்றாகச் சாப்பிடுவதே பெரிய மருந்து. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தால் மட்டும், பச்சையாகச் சாப்பிடுவதைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சத்துக் குறைபாடு இருந்து டாக்டரே எழுதிக்கொடுத்த இரும்பு, பி12 மாத்திரைகளை இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நிறுத்தவும் கூடாது. எழுதிக்கொடுத்தவருக்கு உங்கள் ரத்த ரிப்போர்ட் தெரியும்.

அடுத்த முறை போகும்போது என்ன செய்யலாம்?

உப்பளத்திலிருந்து கோரிமேடு ஜிப்மருக்குப் போனாலும் சரி, கடலூரிலிருந்து அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனாலும் சரி, இந்த விஷயங்களைச் செய்யுங்கள்:

• வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை, பவுடர், லேகியம், சாறு பாட்டில்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். பெயர் ஞாபகம் இல்லையென்றால், லேபிளை மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

• "நாட்டு மருந்து சாப்பிடறேன்னு சொன்னா திட்டுவாங்களோ" என்று மறைக்காதீர்கள். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, மருந்து வேலை செய்யாமல் போவதுதான் பெரிய நஷ்டம்.

• உங்களுக்கு ஏற்றும் மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். "குளிர் ஆகாதா? ஈசிஜி வேணுமா?" என்று அந்த மருந்துக்கான கேள்வியைக் கேளுங்கள்.

• மயக்கம், படபடப்பு, நிற்காத வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள்.

• வேறு நோய்க்கு வேறு டாக்டரிடம் போனால், கீமோவில் இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள்.

இனி என்ன?

எந்தக் கட்டியில் எந்த வாசல் அதிகம் என்று பார்த்து, அதை மட்டும் அடைத்து, கீமோவைக் கூர்மையாக்க முடியுமா என்பதுதான் ஆய்வாளர்கள் இப்போது தேடும் விடை. சிக்கல் என்னவென்றால், இந்த வாசல்கள் புற்றுநோய் செல்லில் மட்டும் இல்லை. நரம்பிலும் இதயத்திலும் இருக்கின்றன. கட்டியில் அடைக்கப் போய் இதயத்தில் அடைத்துவிடக் கூடாது. ஹெர்க் சொல்லும் பாடம் அதுதான்.

அதுவரைக்கும் நம் கையில் இருப்பது எளிமையான விஷயம். செல்லின் ஒரு சின்ன வாசலில், ஒரு கந்தக அணுவில் நடக்கும் மாற்றம் மருந்தின் பலனையே மாற்றக்கூடும். அதனால் அடுத்த முறை யாராவது ஒரு ஆண்டி ஆக்ஸிடன்ட் டப்பாவை அன்போடு நீட்டினால், வாங்கி வையுங்கள். ஆனால் மூடியைத் திறப்பதற்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.